பிரஷர் பார்க்கும் கை மனசையும் பார்க்கட்டும்

விளாத்திகுளம் வட்டார மூளை நோயாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் வெளியிடும் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர், மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலர்கள், எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள். சாட்சி: எங்கள் ஊர் மக்கள்.

கரிசல்காட்டுச் சம்சாரி அளந்து பார்க்காமல் எதையும் செய்வதில்லை. பெய்தது ஒரு உழவு மழையா, ரெண்டு உழவு மழையா என்று மண்ணைக் கிள்ளிப் பார்த்துத்தான் விதைக்கு வழி செய்வான். களத்தில் காயும் வத்தலை ஒரு கை அள்ளிக் குலுக்கி, சத்தத்தை வைத்தே காய்ச்சல் பதம் சொல்வான். அப்பேர்ப்பட்ட ஊரில், மூளை நோய் வந்து படுத்தவரின் மனவேதனையை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

எங்களில் ஒருவர் வீட்டில் நடப்பதைச் சொல்கிறோம். வயது அறுபதைத் தாண்டிய சம்சாரி. பருத்திக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்து நாலு மாதம். பிரஷர் பார்க்க ஆள் வருகிறது. நோட்டில் 140/90 என்று ஏறுகிறது. "முன்னைக்கு நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த நாலு மாதமாக அவர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, இடது கை நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டுகிறார். தலைமாட்டில் ஒரு சாண் அகலத்துக்குச் செங்கல் தெரிகிறது. பேரப்பிள்ளை பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் மனைவி சொன்ன வார்த்தை இது: "பிரஷர் எறங்கிருச்சாம் தம்பி. இவரு எம்புட்டு எறங்கிப் போயிட்டாருன்னு யாரும் பாக்கல."

அந்த நோட்டில் பிரஷருக்குக் கட்டம் இருக்கிறது, சுகருக்குக் கட்டம் இருக்கிறது. மனசுக்குக் கட்டம் இல்லை. இந்தச் சாசனம் அந்த ஒரு கட்டத்துக்காகவும், அதில் எழுதப்படும் எண்ணுக்குப் பின்னால் நடக்க வேண்டிய காரியங்களுக்காகவும்தான்.

நாங்கள் விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், காடல்குடி, சூரங்குடி, குளத்தூர், வேம்பார் பக்கத்துக்காரர்கள். மானாவாரி விவசாயம், கரிமூட்டம், தீப்பெட்டி வேலை, கடல் தொழில் செய்து பிழைக்கிறவர்கள். பக்கவாதம், வலிப்பு, மூளைக்கட்டி, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், நடுக்குவாதம், மறதி நோய் இவற்றில் ஏதோ ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இந்த நோய்களில் மனசு இரண்டு வழியில் அடிபடுகிறது. கை போச்சு, வேலை போச்சு, அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறோமே என்ற துயரம் ஒன்று. உணர்ச்சியை ஆளும் மூளையே புண்பட்டுப்போவதால் வரும் மாற்றம் மற்றொன்று. பக்கவாதத்தில் பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று உலகெங்கும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மனச்சோர்வு வந்தவர் உடற்பயிற்சிக்கு எழுந்திருக்க மாட்டார், மாத்திரையைத் தள்ளிவிடுவார். அப்புறம் பிரஷரும் நிற்காது, கை காலும் மீளாது.

இந்தக் கோரிக்கைகள் நியாயமா என்று விவாதிக்க நாங்கள் வரவில்லை. அந்த விவாதம் 2017-இல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18ஆம் பிரிவில், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. உடல் நோயாளிக்கும் மனநோயாளிக்கும் சிகிச்சையில் வேற்றுமை கூடாது என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கும் சட்டம். 2022 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, வலிப்பு உள்ளிட்ட நரம்பியல் நோய்களுக்காக 2031 வரைக்குமான செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. சட்டமும் திட்டமும் வந்தாயிற்று. விளாத்திகுளத்துக்கு வந்துசேர ஏன் இத்தனை நாள் என்பதே எங்கள் கேள்வி.

1. ஒவ்வொரு மூளை நோயாளிக்கும் மனவேதனை அளவு எடுக்க வேண்டும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒருமுறை, முதல் மாத முடிவில் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எண்ணும் தேதியும் சீட்டில் ஏற வேண்டும். இதற்குப் புது மெஷின் தேவையில்லை. 1998-இல் நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநலத்தைப் பார்க்கும் மருத்துவர்கள் ஒரு தாளில் காய்ச்சல்மானி படம் வரைந்து, 0 முதல் 10 வரை எண் போட்டு, "இந்த ஒரு வாரத்தில் உங்கள் வேதனை எந்த எண்ணில் இருந்தது?" என்று நோயாளியிடமே கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு நிமிட வேலை. அமெரிக்காவில் தரச்சான்று வாங்க விரும்பும் புற்றுநோய் மையங்களுக்கு இப்படி மனவேதனை அளப்பது 2015 முதல் கட்டாயமாகிவிட்டது. மூளைக்கட்டி நோயாளிகளிடமும் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இங்கே 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வருகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள், நோய்த்தணிப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். வாசல் வரை வந்த கால்கள் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் தர வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் நோயாளி தன் புது நிலைமையைத் தன்னந்தனியாகப் பார்க்கிறார். முதல் அளவு தள்ளிப்போனால் அந்த வாரங்கள் கைவிட்டுப் போகும்.

2. நோய்க்குத் தக்க கேள்வித்தாள் வேண்டும்

எல்லோருக்கும் ஒரே தாளை நீட்டினால் அளவு தப்பும். மனச்சோர்வைப் பார்க்கும் பொதுவான தாள்களில் தூக்கம், பசி, அசதி, கவனம் பற்றிய கேள்விகள் உண்டு. மூளைக்கட்டி இருப்பவருக்குக் கட்டியாலேயே அசதி வரும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரையாலேயே தூக்கம் வரும். இவர்களுக்கு இல்லாத சோர்வு இருப்பதாகவும் எண் காட்டலாம். "அது நோயால் வர்றது" என்று உண்மையான சோர்வைத் தள்ளிவிடவும் கூடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 2006-இல் வலிப்பு நோயாளிகளுக்கென்று ஆறே கேள்விகளில் ஒரு தாள் உருவாக்கப்பட்டது. மருந்தின் விளைவும் மனச்சோர்வும் ஒன்றோடொன்று குழம்பாதபடி கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த நோய்க்கு எந்தத் தாள், எந்த எண்ணுக்கு மேல் கவலை என்று நரம்பியல், மனநல மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். காய்ச்சல்மானித் தாளுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 4. மூளைக்கட்டி நோயாளிகளுக்கு அதைவிட உயர்ந்த எல்லை பொருந்திய ஆய்வும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு எது சரி என்பதை எங்கள் மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். அந்த ஒரு பக்கத்துக்கு முப்பது நாள் தாராளம்.

3. பேச்சிழந்தவரை விட்டுவிடக் கூடாது

கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுப் போவது நடக்கக் கூடாது. பேச்சிழந்தவருக்கு வேதனை அதிகம். சொல்ல வழியோ குறைவு. இதற்கும் முறை இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1998-இல், பேச்சிழந்த பக்கவாத நோயாளிகளுக்காகவே ஒரு தாள் தயாரானது. பதில் சொல்வது நோயாளி அல்ல, அவரோடு நாள் முழுக்க இருப்பவர். அழுகிறாரா, முகம் பார்க்கிறாரா, தனக்குப் பிடித்த காரியத்தில் கை வைக்கிறாரா என்று கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும். சுவரைச் சுரண்டும் அந்தப் பெரியவரின் மனைவி இந்தத் தாளை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார். நாலு மாதமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தானே. கூடவே, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டை ஒன்று ஒவ்வொரு செவிலியரின் பையிலும் இருக்க வேண்டும். ஒரு விரல் அசைந்தாலும் நோயாளி தாமே தொட்டுக் காட்டட்டும். நினைத்து அழாமல், மூளைப் புண்ணால் தானாகப் பொங்கி வரும் அழுகையும் சிரிப்பும் உண்டு. மனவேதனையில் வரும் அழுகையிலிருந்து இதைப் பிரித்தறியச் செவிலியருக்குச் சொல்லித்தர வேண்டும்.

4. கேள்விகள் எங்கள் தமிழில் இருக்க வேண்டும்

"ஆர்வமின்மையை உணர்கிறீர்களா?" என்று கேட்டால் நாகலாபுரத்து ஆத்தா "ஆமா" என்பார், மரியாதைக்காக. அவர் பாஷையில் அது "ஒண்ணும் பிடிக்கல", "மனசு விட்டுப்போச்சு", "தலைக்குள்ள வண்டு குடையுது", "நெஞ்சு கெடந்து அடிக்குது". வேதனையை வயிறாகவும் தலையாகவும் நெஞ்சாகவும் சொல்கிற ஊர் இது. ஒன்பது கேள்வி கொண்ட மனச்சோர்வுத் தாள் தமிழில் கிடைக்கிறது. அதை ஒட்டிய பன்னிரண்டு கேள்வித் தாள் ஒன்றைச் சென்னையில் மக்களிடம் சரிபார்த்தும் இருக்கிறார்கள். அந்த வேலையை மதிக்கிறோம். அதைக் கரிசல்காட்டு ஆட்களிடம் வாசித்துக் காட்டி, புரியாத சொல்லை மாற்றி, மறுபடி சரிபார்த்துத் தாருங்கள். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஒரு அகராதியே தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு சம்சாரி முன்நின்று செய்த மண்ணில், ஒன்பது கேள்விக்குச் சொல் கிடைக்கவில்லை என்று ஒரு அரசுத் துறை சொல்ல முடியாது. மூன்று மாதம் தருகிறோம். வாசித்துப் பார்க்க ஆள் நாங்களே வருகிறோம்.

5. தனியே வைத்துக் கேட்க வேண்டும்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் நடுவில், மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்க, "மனசு எப்படி இருக்கு?" என்றால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "பிள்ளைகளுக்குப் பாரமாயிட்டேன்" என்பதைப் பிள்ளைகள் முன்னால் எந்தத் தகப்பன் சொல்வான்? வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் ஆன பெண், புருஷனை வைத்துக்கொண்டு எதைச் சொல்வாள்? ஆஸ்பத்திரியில் ஒரு மறைப்புத் திரையும் இரண்டு நாற்காலியும் போதும். வீட்டில் என்றால் குடும்பத்தார் ஐந்து நிமிடம் வெளியே திண்ணையில் இருக்கட்டும். எழுதிய எண் நோயாளியின் நோட்டையும் மருத்துவக் குழுவையும் தாண்டக் கூடாது. இரகசியம் காக்கப்படும் உரிமையை 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு தந்திருக்கிறது. இந்த எண் ஊருக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்ற பயம் இங்கே நிஜம். முதல் நாளே அந்தப் பயத்தைப் போக்காவிட்டால் பின்னால் எடுக்கும் எந்த அளவும் பொய் அளவாகிவிடும்.

6. மாத்திரையால் குணம் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்

வலிப்புக்குப் பரவலாகத் தரும் லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். மூளை வீக்கத்தை வற்றவைக்கும் டெக்ஸாமெத்தசோன் சிலருடைய தூக்கத்தைக் கெடுத்து, மனநிலையைத் தலைகீழாக்கும். மருத்துவ உலகுக்கு இது பழைய செய்தி. எங்கள் வீடுகளுக்குத் தெரியாது. சாதுவாக இருந்த பையன் தட்டை வீசி எறிந்தால், "ஏதோ அண்டியிருக்கு" என்று ஒரு கூட்டம், "திமிர் பிடிச்சுப் போச்சு" என்று ஒரு கூட்டம். இரண்டும் சேர்ந்து மாத்திரையை நிறுத்துகின்றன. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுக்கடுக்காக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மூளை நோய் மாத்திரையோடு பெரிய எழுத்தில் ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு தர வேண்டும்: என்ன மாற்றம் வரலாம், வந்தால் யாரிடம் சொல்வது, ஏன் தாமாக நிறுத்தக் கூடாது. புது மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் ஒரு மனவேதனை அளவு கட்டாயம் எடுக்க வேண்டும். சீட்டு அச்சடிக்கும் செலவைப் பேசி யாரும் காலம் கடத்த வேண்டாம்.

7. எண் உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நாள் கணக்கில் அறிவிக்க வேண்டும்

அளந்துவிட்டுச் சும்மா இருப்பது அளக்காமல் இருப்பதைவிடக் கொடுமை. எல்லையைத் தாண்டிய நோயாளியோடு ஏழு நாளுக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். ஒன்பது கேள்வித் தாளில் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பதினான்கு நாளுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியும் தன்னையே வருத்திக்கொள்வது பற்றியும் வரும் நினைப்பைக் கேட்கிறது. அதற்கு "இல்லை" என்பதைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் தகவல் போக வேண்டும். நோயாளியைத் தனியே விடக் கூடாது. பருத்தி, மிளகாய் போடுகிற வீடுகளில் பூச்சிமருந்து டப்பா குதிருக்குப் பின்னால் இருக்கும். அதைப் பூட்டி வைக்கவோ வீட்டைவிட்டு அப்புறப்படுத்தவோ குடும்பத்துக்குச் சொல்வதும் செவிலியர் வேலையில் சேர வேண்டும். இராத்திரி நேரத்தில் மனசு தாளாதவர்கள் பேச 14416, 104 எண்கள் இருக்கின்றன. அந்த இரண்டு எண்ணும் ஒவ்வொரு மூளை நோயாளியின் சீட்டிலும் கண்ணில் படும்படி அச்சாக வேண்டும். மற்றவற்றுக்கு நாள் சொன்னோம். இதற்கு இன்று.

8. விளாத்திகுளம் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் இருக்க வேண்டும்

கோவில்பட்டி, தூத்துக்குடி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு, மதுரை. எங்களுக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரிப் பாதை இதுதான். வாதம் வந்தவரைப் புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூட்டிப்போக விடியற்காலை பஸ், இரண்டு இடத்தில் மாறி ஏறத் துணைக்கு ஒரு ஆள், ஆக இரண்டு பேர் செலவு. உடம்புக்கு என்றால் கடன் வாங்கியாவது போவார்கள். "மனசுக்காக" யாரும் இந்தப் பயணம் போக மாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டம் தேசிய அளவில் 1996-இலும் தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சியிலும் தொடங்கியது. கால் நூற்றாண்டு தாண்டிய அந்தத் திட்டத்தின் குழு, வாரத்தில் கிழமை மாறாத ஒரு நாள் விளாத்திகுளத்தில் ஓ.பி. பார்க்க வேண்டும். சந்தை நாள் போல அந்தக் கிழமை ஊருக்கே மனப்பாடம் ஆக வேண்டும். அதே நாளில் மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவரோடு வீடியோவில் பேச வசதி வேண்டும். மனநல மருத்துவருக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் நடுவே சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையை நோயாளிக்கு வைக்கக் கூடாது. ஐப்பசி விதைப்பு தொடங்கிவிட்டால் துணைக்கு வர வீட்டில் ஆள் இருக்காது. அதற்கு முன் இது நடக்க வேண்டும்.

9. மாத்திரை தடையில்லாமல் கிடைக்க வேண்டும்

வலிப்பு மாத்திரைக்கு ஒரு நாள், மனச்சோர்வு மாத்திரைக்கு வேறொரு நாள், இரண்டுக்கும் வெவ்வேறு ஊர் என்பது நிற்க வேண்டும். இரண்டும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே நாளில், ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்க வேண்டும். நடக்க முடியாதவருக்கு வீட்டுக்கு வர வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நடுவில் பத்து நாள் "ஸ்டாக் இல்லை" என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நம்பிக்கையும் சேர்த்துத்தான்.

10. பராமரிப்பவரையும் அளக்க வேண்டும்

படுத்தவரைப் புரட்டி, மலம் அள்ளி, ஊட்டிவிட்டு, அதன்பிறகு தீப்பெட்டி ஆபீசுக்கோ காட்டுக்கோ ஓடுகிறவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். இவர் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் நோயாளி இல்லை. இடுப்பு போனபிறகுதான் அவர் பெயருக்குச் சீட்டு போடுகிறார்கள். பராமரிப்பவரின் பாரத்தை அளக்க 22 கேள்வி கொண்ட தாள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. சுருக்க வடிவங்களும் உண்டு. நோயாளிக்கு அளவு எடுக்கும் அன்றே அவருக்கும் எடுக்க வேண்டும். எண் உயர்ந்தால் மாதத்தில் இரண்டு நாளாவது நோயாளியைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள விளாத்திகுளத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு அறை வேண்டும். கட்டில் நாலு, ஒரு செவிலியர், ஒரு உதவியாளர் போதும். இந்தப் பெண்கள் சாய்ந்தால் நோயாளிக்கு வேறு ஆஸ்பத்திரி கிடையாது.

11. வேண்டுதலுக்குப் போகும் வழியில் மருத்துவமும் இருக்க வேண்டும்

எங்களுக்குக் கிழக்கே, எங்கள் கடலோரத்திலேயே, மனநோய் தீர வேண்டிக்கொள்ளப் போகும் தர்கா உள்ள ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் இறந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாத குடும்பங்கள். இன்றைக்கும் வலிப்பையும், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வரும் குண மாற்றத்தையும் காற்று, கருப்பு என்று நினைத்துக் கோடாங்கி, கோயில், தர்கா என்று கூட்டிப்போகிறோம். நம்பிக்கையைத் தடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஏர்வாடியிலேயே பின்னாளில் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து நடக்க ஏற்பாடு வந்தது. அதே வழியில் எங்கள் வட்டாரக் கோடாங்கிகளுக்கும் பூசாரிகளுக்கும் ஒரு நாள் பயிற்சி தாருங்கள்: திருநீறு பூசுங்கள், கையோடு ஆஸ்பத்திரிக்கும் அனுப்புங்கள் என்று. ஆடி மாதம் கூட்டம் கூடும். அதற்குள் இந்தப் பயிற்சி முடிய வேண்டும்.

12. மாற்றுத்திறனாளிச் சான்று இங்கேயே கிடைக்க வேண்டும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நடுக்குவாதமும் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் மனநோயும் அதில் உண்டு. ஆனால் சான்று தரும் நாள், இடம், சேர வேண்டிய மருத்துவர்கள் என்று அலைந்தே ஒரு வருஷம் கழிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விளாத்திகுளத்தில் முகாம் நடத்தி, நரம்பியல், மனநல மருத்துவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சான்று தர வேண்டும். உதவித்தொகை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் கடன் ஏறுகிறது. கடன் ஏறினால் மனவேதனை எண்ணும் ஏறும்.

13. கணக்கை ஊர் முன் வைக்க வேண்டும்

பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வரி: எத்தனை மூளை நோயாளிகள் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அளவு எடுத்தார்கள், எத்தனை பேர் எல்லையைத் தாண்டினார்கள், அவர்களில் எத்தனை பேரைக் கெடுவுக்குள் பார்த்தார்கள், எத்தனை பேரைப் பார்க்கவில்லை. விளாத்திகுளம் மருத்துவமனைப் பலகையில் அதை எழுத வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் வாசிக்க வேண்டும். ஐந்தாவது வரி பூஜ்யமாகும் வரை எங்கள் கேள்வி நிற்காது.

கெடு

இன்றே: சீட்டில் உதவி எண்கள். முப்பது நாளுக்குள்: நோய்வாரியான ஒரு பக்க வழிகாட்டி, மாத்திரைத் துண்டுச்சீட்டு, மறைப்புத் திரை. தொண்ணூறு நாளுக்குள்: செவிலியர், தன்னார்வலர் பயிற்சி, எங்கள் தமிழில் கேள்வித்தாள், முதல் சுற்று அளவு. அடுத்த ஐப்பசி விதைப்புக்குள்: வாராந்திர மனநல ஓ.பி., தடையில்லா மாத்திரை, சான்றிதழ் முகாம். ஒரு வருஷத்துக்குள்: பகல்நேரப் பராமரிப்பு அறை. வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. இதில் பாதிக்குத் தாளும் பேனாவும் திரைச்சீலையும்தான் செலவு. முடியாது என்று நினைக்கும் அதிகாரி எந்த இனம் முடியாது, ஏன், எப்போது முடியும் என்று கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தர வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலைப் பதிலாக ஏற்கமாட்டோம்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நிற்கமாட்டோம். எங்கள் வீட்டு நோயாளிகளின் பட்டியலை அவரவர் சம்மதத்தோடு ஊர்வாரியாக எடுத்துத் தருவோம். கேள்வித்தாளைச் சரிபார்க்க எங்கள் பெரியவர்களை உட்காரவைப்போம். ஓ.பி. நாளில் நடக்க முடியாதவர்களைக் கூட்டிவர ஊருக்கு ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்வோம். செவிலியர் கேள்வி கேட்கும் ஐந்து நிமிடம் நாங்கள் திண்ணைக்குப் போய்விடுவோம்.

எங்கள் வீட்டு நோட்டுகளில் சுகர் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு, மேலே "மனசு" என்று எழுதி வைத்திருக்கிறோம். சுவரைச் சுரண்டும் பெரியவரின் நோட்டில் அந்தக் கோட்டை அவர் பேத்தி ஸ்கேல் வைத்துப் போட்டாள். கட்டம் தயார். அடுத்த முறை பிரஷர் பார்க்க வரும்போது அதில் எண்ணை எழுதுங்கள்.